சேதத்தைவிடச் செப்பனிடுதல் கெடுக்கும் இடங்கள்: வீட்டில் கட்டும் விமானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசை போன்ற விமானங்களை, தொகுப்பாக வாங்கிய உறுப்புகளைக் கொண்டு, வீட்டுக் கார் கொட்டகையிலேயே கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். மெல்லிய அலுமினியத் தகட்டோடு பல ஆண்டுகள் புழங்கும்போது ட்ரில் நழுவுவதும், கைதவறி விழுந்த கருவியால் ஒடுக்கு ஏற்படுவதும் யாருக்கும் நேரக்கூடியவையே. அந்த முதல் சேதம் பெரும்பாலும் சிறியது. பதற்றத்தில் அன்று மாலையே செய்துவிடும் பழுதுபார்ப்புதான் பல உறுப்புகளைக் குப்பைக்கு அனுப்புகிறது.

ரிவெட், அதாவது தகடுகளைத் துளைவழியே பிணைக்கும் தலையுள்ள உலோக ஆணி, அடிக்கும் வேலையில் இதைத் தெளிவாகக் காணலாம். தலைக்கு எதிர்ப்பக்கத்தில் அடித்துப் பரப்பிய முனையின் அகலம் தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் அவ்விட்டத்தில் பாதியும் இருக்க வேண்டும் என்பது பொது அளவு. சற்றே கோணலாக அமைந்த ரிவெட்டைக் கண்டதும் அதைத் துளைத்தெடுக்கத் துடிப்பது புதியவர்களின் வழக்கமான தவறு. ட்ரில் முனை நடுவிலிருந்து விலகினால் துளை எட்டு வடிவில் விரிந்து, 3/32 அங்குல ரிவெட் இருந்த இடம் 1/8 அங்குல ரிவெட்டைக் கேட்கும். துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை ரிவெட் விட்டத்தைப்போல் இரு மடங்கு இடம் வேண்டும் என்பதால், 3/16 அங்குலம் போதுமாயிருந்த இடத்தில் இப்போது 1/4 அங்குலம் தேவைப்படும்; அது இல்லையென்றால் உறுப்பையே மாற்ற நேரிடலாம். ஆகவே அளவுக்குள் இருக்கும் அழகற்ற ரிவெட்டை அப்படியே விட்டுவிடுவது நல்லது. எடுத்தே தீர வேண்டுமானால், தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, தலையை ஒடித்தெடுத்து, தகட்டுக்குப் பின்புறம் தாங்கல் கொடுத்துத் தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். துளை பெரிதாகி, விளிம்பிலும் இடமிருந்தால், தண்டு தடித்துத் தலை சிறுத்த என்ஏஎஸ்1097 வகை ரிவெட் கைகொடுக்கும். முந்தைய ரிவெட்டின் தலை பதிந்திருந்த குழிவிலேயே அதன் தலையும் அமர்ந்துவிடும். கட்டுநர்கள் அதற்கு ‘ஊப்ஸ் ரிவெட்’ (‘அடடா ரிவெட்’) என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை பேருக்கு அது தேவைப்பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கார் பட்டறைப் பழக்கம். ஒடுக்கு எடுத்துப் பட்டி பூசுவது கார் கதவுக்குப் பொருந்தும். விமானத்தில் பயன்படும் 2024-டி3 அலுமினியம் வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றது. அதை மடித்து நிமிர்த்தினால் மடிப்பில் விரிசல் விழும். இளக்குவதற்காகச் சூடாக்கினால் பதமே போய்விடும். இறக்கைத் தகட்டின் ஆழமற்ற ஒடுக்கில் சிறிது பட்டி பூசுவது பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றிய விஷயம். ஆனால் விமானத்தின் திசையையும் சாய்வையும் மாற்ற அசையும் பரப்புகளான சுக்கான், எலிவேட்டர், எய்லரான் ஆகியவற்றில் கீலுக்குப் பின்னால் கூடும் பட்டியும் பெயின்ட்டும் எடைச் சமநிலையைக் குலைக்கின்றன. அதனால் ஒரு வேகத்துக்கு மேல் அப்பரப்பு தானாகவே அதிரத் தொடங்கி, சில நொடிகளில் பிய்ந்துபோகவும் கூடும். அப்படிப்பட்ட உறுப்பைச் செப்பனிட்டபின் சமநிலையை மீண்டும் அளக்காமல் பூட்டக் கூடாது.

கீறலைப் பொறுத்தவரை, தகட்டின் மேலுள்ள தூய அலுமினியப் படலமே அரிப்புக்குக் காப்பு என்பதால், மென்மையாகத் தேய்த்து விளிம்பை மழுக்கிப் பிரைமர் பூசினால் போதும். இரும்புத் தூரிகையால் தேய்க்கக் கூடாது. பென்சிலால் குறியிடுவதும் தவறு, ஏனெனில் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். விரிசலின் முனையில் சிறு துளையிடுவது அது மேலும் ஓடாமல் தடுக்கும் முதலுதவி மட்டுமே. அதன்மேல் ஒட்டுத்தகடு வைப்பதற்கான முறைகள் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 1998-இல் வெளியிட்ட 43.13-1பி என்ற கையேட்டில் உள்ளன.

அந்நாட்டில் வீட்டில் கட்டிய விமானத்தை யார் வேண்டுமானாலும் பழுதுபார்க்கலாம் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு, இறக்கையின் முதன்மை உத்தரத்திலும் சிலர் கைவைக்கிறார்கள். அங்கு ஏற்பட்ட ஒரு பிசகான துளையானாலும், அருகில் அளவுகோலை வைத்துப் படமெடுத்துத் தொகுப்பை வடிவமைத்த நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வரும்வரை ட்ரில்லை அணைத்துவைக்க வேண்டும், ஏனெனில் அவ்விடத்தில் எவ்வளவு சுமை விழுகிறது என்பதை அவர்கள்தாம் கணக்கிட்டிருப்பார்கள்.