ஒரு படத்தைப் பற்றிய தகவலை எங்கே சரிபார்ப்பது?

படங்களைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் திறப்பது ஐஎம்டிபி, அடுத்து விக்கிப்பீடியா. திறப்பதில் தவறில்லை, அங்கேயே நின்றுவிடுவதில்தான் சிக்கல். ஐஎம்டிபியில் கணிசமான பகுதி பயனர்கள் அனுப்பிச் சேர்ந்தது. பிரபலமான படங்களின் நடிகர் பட்டியலை ஓரளவு நம்பலாம். துணுக்குச் செய்திகளை ஆதாரமாக எடுக்கவே கூடாது. விக்கிப்பீடியாவில் கட்டுரையைவிட அடிக்குறிப்புகள்தான் உங்களுக்கு வேண்டியவை. சுட்டியைத் திறந்து, சொன்ன வரி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சுட்டி வேலை செய்யாவிட்டால் அந்த முகவரியை வேபேக் மெஷினில் இட்டுப் பழைய பக்கத்தைத் தேடலாம்.

யார் என்ன வேலை செய்தார் என்பதற்கு முதல் சாட்சி படத்தின் டைட்டில், அதாவது திரையில் ஓடும் பெயர்ப் பட்டியல். அதுவும் சில சமயம் பொய் சொல்லும். ரோமன் ஹாலிடே (1953) வெளியானபோது டைட்டிலில் கதையை எழுதிய டால்டன் ட்ரம்போவின் பெயர் இல்லை. கம்யூனிஸ்ட் தொடர்பைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டவர்களின் ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் அவர் இருந்ததால், கதை இயான் மெக்லெல்லன் ஹண்டர் பெயரில் போனது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2011இல்தான் அதை முழுமையாகத் திருத்தியது. அதனால் டைட்டிலோடு அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் இலவச கேட்டலாக்கையும் ஒப்பிடுங்கள். அதன் குறிப்புப் பகுதியில், பழைய ஆவணங்கள் எங்கே முரண்படுகின்றன என்பதைப் பல இடங்களில் வெளிப்படையாகவே சொல்லியிருப்பார்கள்.

வெளியான தேதி என்று ஒன்றே ஒன்று இருப்பதில்லை. காஸபிளாங்கா நியூயார்க்கில் 1942 நவம்பர் 26 அன்று திரையிடப்பட்டது. பொது வெளியீடு 1943 ஜனவரியில். ஆஸ்கர் கணக்கில் அது 1943ஆம் ஆண்டுப் படம். எந்தத் தேதியை எழுதினாலும், அது பிரீமியரா பொது வெளியீடா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓடும் நேரத்துக்குத் தணிக்கை ஆவணம் நல்லது. பிரிட்டனின் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சியின் தளம் வினாடி வரை தரும், வெட்டு உண்டா என்றும் சொல்லும். ஐரோப்பா போன்ற இடங்களில் இருந்த பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறைக்கான பழைய டிவிடியின் உறையை நம்ப வேண்டாம்: வினாடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டுவதால் 100 நிமிடப் படம் 96 நிமிடமாகச் சுருங்கும். யாரோ வெட்டிவிட்டதாகக் கிளம்பும் வதந்திகளில் சில இப்படிப் பிறந்தவைதான். மௌனப் படங்களுக்கு ஓட்டும் வேகம் ஒன்றுபோல இல்லாததால், நிமிடத்தைவிட ஃபிலிமின் அடிக்கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 9,000 அடி 24 ஃபிரேம் வேகத்தில் 100 நிமிடம், 16 ஃபிரேம் வேகத்தில் 150 நிமிடம்.

வசூல்தான் அதிகம் சறுக்கும் இடம். பாக்ஸ் ஆபீஸ் மோஜோ, தி நம்பர்ஸ் என்ற வசூல் தளங்கள் இரண்டிலும் மொத்தத் தொகையை அப்படியே எடுக்காமல் முதல் வெளியீட்டையும் மறுவெளியீட்டையும் பிரித்துப் பாருங்கள். 2009இல் வந்த அவதாரின் மொத்தத்தில் பிந்தைய வெளியீடுகளின் பணமும் சேர்ந்திருக்கிறது. இன்னொரு பொறி: அமெரிக்க சினிமாத் தொழில் இதழான வெரைட்டியின் பழைய பட்டியல்களில் வருவது பெரும்பாலும் ரென்டல், அதாவது திரையரங்கின் பங்கு போக விநியோகஸ்தருக்குக் கிடைத்தது. அதை டிக்கெட் வசூலோடு ஒப்பிட்டால் நல்ல வெற்றிப் படமும் சுமாராகத் தெரியும்.

பழைய படங்களுக்கு பழைய சினிமா இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியின் லான்டர்ன் தேடல் பெரிய புதையல். அந்தப் பக்கங்களில் எழுத்துகள் சிதைந்திருக்கும் என்பதால், படப்பெயரில் கிடைக்காவிட்டால் நடிகர் பெயரோடு ஆண்டைக் குறுக்கித் தேடுங்கள். தயாரிப்பின்போது படத்துக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம், அதையும் போட்டுப் பாருங்கள். அந்த இதழ்களில் வரும் 'படப்பிடிப்பு தொடங்குகிறது' வகைச் செய்திகள் பெரும்பாலும் ஸ்டுடியோ விளம்பரப் பிரிவு கொடுத்தவை. விமர்சனங்களுக்கு மேலே அச்சான நீளமும் தேதியும் அவற்றைவிட உறுதியானவை.

ஐந்து கட்டுரைகள் ஒரே தகவலை ஒரே சொற்களில் சொன்னால் அது ஐந்து ஆதாரம் அல்ல. தேதிவாரியாக அடுக்கி, மிகப் பழையதை மட்டும் எடுத்து, அதை எழுதியவருக்கு அது எப்படித் தெரியும் என்று பாருங்கள்.