ஆண்டு வாசிப்பு இலக்கு: எங்கே சறுக்குகிறது?

“இந்த வருஷம் ஐம்பது புத்தகம்.” ஜனவரி முதல் வாரத்தில் பலர் இப்படி அறிவிப்பதைப் பார்க்கிறேன். கூடவே ஒரு வகைப் பட்டியலும் இருக்கும்: நாவல் பதினைந்து, சிறுகதை பத்து, கவிதை ஐந்து, வரலாறு ஐந்து, அறிவியல் ஐந்து, மொழிபெயர்ப்பு பத்து. ஏப்ரலில் விசாரித்தால் பேச்சை மாற்றுகிறார்கள். ஆர்வம் போய்விட்டது, போன் கெடுத்துவிட்டது என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வகை நூல்களையும் படித்துவிட வேண்டும் என்ற ஆசை அருமையான ஆசை. அதற்குப் போட்ட திட்டம்தான் பெரும்பாலும் கோணலாக இருக்கிறது.

எண்ணிக்கையை முதலில் முடிவு செய்வது

ஐம்பது புத்தகம், சராசரியாக 200 பக்கம் என்று வைத்தால் 10,000 பக்கம். நாளுக்கு 27, 28 பக்கம் வரும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா நூலிலும் பக்கம் ஒரே கனம் கொண்டதா என்ன? உரையாடல் நிறைந்த நாவலில் 28 பக்கம் பஸ்ஸில் போகும்போதே ஓடிவிடும். உ.வே.சாமிநாதையர் தம் உரையோடு 1937இல் பதிப்பித்த குறுந்தொகையை எடுத்துப் பாருங்கள். நாற்பதாம் பாடல் ஐந்தே அடி. அதற்குக் கீழே பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என்று வரிசையாக வரும். இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியின் முகத்தைப் பார்த்துத் தலைவன் சொல்வது அந்தப் பாட்டு. அந்தக் கூற்றுக் குறிப்பை மனதில் வாங்கி, ஐந்து அடியையும் வாய்விட்டுச் சொல்லி, பிடிபடாத சொல்லைப் பதவுரையில் பார்த்துவிட்டு மறுபடி பாட்டுக்குத் திரும்ப வேண்டும். பாடியவரின் இயற்பெயர் தெரியாமல், அவர் சொன்ன உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு எழுந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அன்றைய கணக்கில் ஏறுவதோ இரண்டு பக்கம். தினம் 28 என்று கெடு வைத்திருப்பவர் அந்த நூலின் பக்கமே போக மாட்டார்.

எண்ணிக்கை செய்யும் பெரிய கேடு இதுதான். எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதை அதுவே தீர்மானிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதே உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. அவர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. தினம் இரண்டு அத்தியாயம் படித்தால் இரண்டு மாதம் ஆகும். பட்டியலில் அதுவும் ஒன்று, 64 பக்கக் குறுநூலும் ஒன்று. கணக்கில் பின்தங்கிய நவம்பரில் கை எதை நோக்கிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. படித்த நூல்களைப் பதிந்துவைக்க உதவும் குட்ரீட்ஸ் தளத்தின் ஆண்டுச் சவாலும் ஓர் எண்ணைத்தான் கேட்கிறது. நாள் போகப் போக, இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்றும் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பதறிப்போய், படித்துக்கொண்டிருந்த நல்ல தடிமனான நூலைப் பாதியில் மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எண் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியாக வையுங்கள். முதலில் உங்களுக்கு வாரத்தில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று பாருங்கள். பிறகு மூன்று வேறு வகை நூல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் அவசரப்படாமல் படித்து, எத்தனை பக்கம் நகர்ந்தது என்று குறியுங்கள். ஒரு நாவல், ஒரு கட்டுரைத் தொகுப்பு, ஒரு பழந்தமிழ் உரைநூல் போதும். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், ஐம்பதா இருபதா என்பது தானாகவே தெளியும். இருபது என்று வந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வெளியிலிருந்து எடுத்த வகைப் பட்டியல்

இணையத்தில் சுற்றும் வாசிப்புச் சவால்களின் வகைகளை அப்படியே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ஃபேண்டஸி ஒன்று, த்ரில்லர் ஒன்று, யங் அடல்ட் ஒன்று என்று கட்டம் கட்டிவிட்டு, அந்தக் கட்டத்துக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடி அலைகிறோம். அதே நேரத்தில் நம் அலமாரியில் பெருகிக் கிடக்கும் வகைகளுக்கு அந்தப் பட்டியலில் இடமே இருக்காது. தன்வரலாறு, வட்டார நாவல், பக்தி இலக்கியம், உரைநூல், நாட்டார் பாடல் தொகுப்பு, கல்வெட்டு ஆய்வு, சிற்றிதழ்க் கட்டுரைகள் இவையெல்லாம் எந்தக் கட்டத்தில் வரும்? அகராதியைக்கூட உட்கார்ந்து படிக்கலாம். கி.ராஜநாராயணனின் கதைகளில் ஊறியவர்கள், அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் நின்று நின்று படிப்பார்கள்.

மொழிபெயர்ப்பைத் தனி வகையாக வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் வந்தாலும் நாவல்தான். மொழிபெயர்ப்பு என்று ஒரு கட்டம் போட்டால், கையில் கிடைத்த எதையாவது போட்டு அதை நிரப்பிவிடுவோம். யார் மொழிபெயர்த்தது, மூல மொழியிலிருந்து நேரடியாகவா, ஆங்கிலம் வழியாகவா என்று பார்த்து வாங்கும் பழக்கம் வந்தால் அதுவே பெரிய லாபம்.

வகைகளைத் தனித்தனியாகச் சிதறவிடுவது

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். பல வகை படிக்கிறேன் என்று கிளம்புபவர்கள் பிப்ரவரியில் ஒரு விண்வெளி நூல், மார்ச்சில் ஒரு கவிதைத் தொகுப்பு, ஏப்ரலில் ஒரு போர் வரலாறு என்று தாவுகிறார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு இருக்காது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அந்தக் களைப்புதான் பாதியில் நிறுத்த வைக்கிறது. ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு வகைகளை மாற்றிப் பாருங்கள். ஒரு நூல் அடுத்த நூலுக்குக் கதவைத் திறந்து வைக்கும்.

தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ நீண்ட சிறுகதை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மருதி என்ற பெண் இலங்கைத் தோட்டத்துக்குப் போய்ப் படும் பாடு அது. ஒரு மாலையில் படித்துவிடலாம், மறக்கத்தான் பல நாள் ஆகும். அடுத்து ‘எரியும் பனிக்காடு’. தோட்டத் தொழிலாளர்களிடையே மருத்துவராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், இரா.முருகவேள் மொழிபெயர்த்தது. இதிலும் நெல்லைச் சீமையிலிருந்துதான் கருப்பனும் வள்ளியும் புறப்படுகிறார்கள். போகும் இடம் மட்டும் வால்பாறைப் பக்கம். கடல் தாண்டினாலும் மலை ஏறினாலும் அந்த மக்களுக்கு நேர்ந்தது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் உறைக்கும். பிறகு பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’. தோட்டம் பிஜித் தீவுக்கு மாறுகிறது, வகை கவிதையாகிறது.

அதற்குப் பிறகு, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி.வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களுக்கு வாருங்கள். பாடல்களைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கங்காணி, லயம், கொழுந்து, துரை என்ற சொற்கள் கதைகள் வழியாக உங்களுக்குப் பழகியிருக்கும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைக் கணக்கில் ஏற்றுவதைப் ‘பேர் போடுவது’ என்பார்கள். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது பாதிக் கூலி. இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டுகளைப் படித்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெண்ணின் முதுகுவலி தெரியும். தெரியாமல் படித்தால் நாட்டுப்பாடல் என்று தாண்டிப் போய்விடுவோம். சிறுகதை, மொழிபெயர்ப்பு நாவல், கவிதை, நாட்டார் பாடல் என்று நான்கு வகை ஆகிவிட்டது. ஒன்றிலும் அலுப்பு வந்திருக்காது.

சோழர் காலத்தில் ஆசை உள்ளவர்களுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நாவலை முடித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தோடு நின்றுவிடாமல் தி.வை.சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றுக்குப் போகலாம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லி, அவர்களின் உறவினர் சொத்துகளையும் பறிமுதல் செய்த செய்தியைத் தருவது அது. இந்தக் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருக்குமோ என்று நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார், பண்டாரத்தார் அதை மறுத்தார். ஒரே கல்வெட்டிலிருந்து இரண்டு அறிஞர்கள் எப்படி வேறு வேறு முடிவுக்கு வருகிறார்கள் என்று பின்தொடரும்போது, வரலாற்று நூல் படிப்பது எப்படி என்பதே பிடிபட்டுவிடும். ‘வரலாறு: 5’ என்று கட்டம் போட்டுப் படித்தால் இது கிடைப்பது அரிது.

ஆண்டுக்கு இப்படி மூன்று பொருள் எடுத்தால் போதும். பதினைந்து நூல் வரை அதிலேயே வந்துவிடும். மிச்சத்தைக் காலியாக விட்டுவையுங்கள். நடுவில் ஒரு நண்பர் தரும் புத்தகத்துக்கும், பழைய புத்தகக் கடையில் கண்ணில் படுவதற்கும் இடம் வேண்டாமா?

எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிப்பது

சிறுகதைத் தொகுப்பை நாவல் போல ஒரே மூச்சில் படிப்பவர்கள் நிறைய. ஆறாவது கதைக்கு வரும்போது இரண்டாவது கதை மங்கிவிடும். பிறகு “எல்லாம் ஒரே மாதிரி இருக்கு” என்று எழுத்தாளர் மீது பழி விழும். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். கவிதை இன்னும் குறைவு. தொடராக வந்த நாவல்கள் இதற்கு நேர்மாறு. வாரக்கணக்கில் காத்திருந்து படிப்பதற்காக எழுதப்பட்ட கட்டுமானம் அது, ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததற்கு இழுக்கும். தினம் கொஞ்சம் என்று வைத்தால் நன்றாக ஓடும்.

பொழுதும் வகைக்குத் தக்கபடி இருக்கட்டும். வேலை முடிந்து வந்து ராத்திரி பத்தரைக்குப் பொருளாதார நூலைத் திறந்தால் தூக்கம்தான் வரும், அதில் நூலின் குற்றம் ஏதுமில்லை. கவனம் கேட்கும் நூலுக்கு விடியற்காலையையோ ஞாயிறு முற்பகலையோ கொடுங்கள். ஒலிநூல் கேட்பது வாசிப்பில் சேருமா என்று சிலர் சண்டை போடுகிறார்கள். நாவலுக்கும் தன்வரலாற்றுக்கும் தாராளமாகச் சேரும். அடிக்குறிப்பும் வரைபடமும் நிறைந்த நூலுக்கு உதவாது.

வாங்கியதைப் படித்ததாக எண்ணுவது

பொங்கலையொட்டிச் சென்னையில் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசியின் புத்தகக் காட்சி நடக்கும். பத்து சதவீதக் கழிவும் உண்டு. ஆண்டு முழுவதற்கும் அங்கேயே வாங்கிவிடுவது பலருக்கு வழக்கம். ஜனவரியில் இருந்த மனநிலை ஆகஸ்டில் இருக்காது என்பதுதான் சிக்கல். முதல் பொருளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பல நூல்களுக்குக் காசே தேவையில்லை. கல்கி, புதுமைப்பித்தன், பண்டாரத்தார் எழுத்துகள் நாட்டுடைமையானவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் ஏராளம். ஈழத்து, மலையக நூல்களுக்கு நூலகம் என்ற தளமே இருக்கிறது. பக்கத்துக் கிளை நூலகத்தையும் மறந்துவிடாதீர்கள். திருப்பித் தர வேண்டிய தேதி ஒன்று இருந்தாலே படிப்பு நகரும்.

பிடிக்காததை இழுத்துக்கொண்டு போவது

தொடங்கியதை முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் பல ஆண்டுத் திட்டங்களை மே மாதத்திலேயே முடித்துவைத்திருக்கிறது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்துத் தந்த நூலகவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இன்னொன்று. ஐம்பது, அறுபது பக்கம் வரை போய்ப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் கூச்சமில்லாமல் வைத்துவிடுங்கள். ஆனால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு வையுங்கள். நடை கடினமா, பொருள் தெரியவில்லையா, அச்சுப் பிழை மலிந்த பதிப்பா? மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு அதே எழுத்தாளரின் எளிய நூல் ஒன்று, இரண்டாவதற்கு ஓர் அறிமுக நூல், மூன்றாவதற்கு வேறு பதிப்பகத்தின் பதிப்பு. பழைய நூல்கள் விஷயத்தில் இந்த மூன்றாவது காரணம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

முடித்த நூலுக்கும் தலைப்பும் தேதியும் மட்டும் எழுதிவைத்தால் ஒரு வருஷம் கழித்து ஒன்றும் நினைவு வராது. அந்த நூல் எந்த நூலுக்கு உங்களை அனுப்பியது என்று கூடவே எழுதுங்கள். ஜூன் கடைசியில் அந்தக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியலைத் திருத்தலாம். தேயிலையில் தொடங்கியவர் அதற்குள் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கதைகளுக்குப் போயிருக்கக்கூடும். அப்படிப் போயிருந்தால் ஜனவரியில் எழுதிய மூன்றாவது பொருளை அடித்துவிட்டு, ஆண்டின் மிச்சத்தையும் மலையகத்துக்கே கொடுங்கள்.