போர் அமைச்சரவையில் இருந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்ப்பது எப்படி?

தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டி விற்கும் போட்டித்தேர்வு கைடு ஒன்றில் ஆற்காடு ராமசாமி முதலியாரைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. அதில் ஒரு வரி: "சர்ச்சிலின் அமைச்சராக இருந்த தமிழர்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. அந்த அரைப் பக்கத்தைச் சரிசெய்து எழுதியபோது நான் போன வழி இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பதவியில் இருந்த வேறு யாருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: குறிப்பை வரி வரியாக உடையுங்கள்

ஒரு செய்திக்கு ஒரு வரி. பக்கத்திலேயே அதை யார் சொல்கிறார், எந்த ஆண்டில் சொன்னார் என்று எழுதுங்கள். எக்செல் எல்லாம் வேண்டாம், நீள நோட்டு போதும். நோட்டில் அடித்துத் திருத்தினால் பழையதும் கண்ணில் படும், எக்செல்லில் அழிந்துவிடும். ஒரே வாக்கியம் பத்துத் தளங்களில் இருந்தால் அது பத்துச் சான்று ஆகாது. ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: ஆள் இவர்தானா?

இவருக்கு ஓர் இரட்டைச் சகோதரர் உண்டு: மருத்துவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தவர். இரட்டையர் என்பதால் இருவருக்கும் பிறந்த நாள் 1887 அக்டோபர் 14. முகமும் ஒன்றுபோல இருக்கும். படத்தின் அடியில் பெயர் அச்சாகியிருந்தாலொழிய எடுக்காதீர்கள். நம் பக்கத்துக்காரர்கள் இன்னொருவரையும் ஒதுக்கிவைக்க வேண்டும். சேலம் ராமசாமி முதலியார் என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1885இல் இந்தியத் தரப்பைச் சொல்ல இங்கிலாந்து போனவர். பெயர் ஒன்று, போன இடமும் ஒன்று. தேடும்போது இரண்டு கதையும் கலந்துதான் வரும்.

மூன்றாம் படி: எந்த அவை, என்ன பதவி?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

போர்க்காலத்தில் முதலியார் இருந்தது ஒரே அவையில் அல்ல. 1939இல் தில்லியில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் (பிரிட்டிஷ் இந்திய அரசின் அமைச்சரவை மாதிரி) வணிகத் துறை உறுப்பினர் ஆனார். 1942 ஜூலையில் லண்டன் போர் அமைச்சரவைக்கும் (போரை நடத்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் வைத்திருந்த சிறிய அமைச்சரவை) பசிபிக் போர்க் குழுவுக்கும் இந்தியாவின் பிரதிநிதியாக அறிவிக்கப்பட்டார். கூடவே சமஸ்தானங்களின் சார்பில் நவாநகர் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி. 1943இல் திரும்பிவந்து தில்லியில் சப்ளை இலாகாவைப் பார்த்தார். 1944இல் லண்டன் இடத்துக்குப் போனவர் பெரோஸ் கான் நூன். இத்தனையையும் "போர்க்கால அமைச்சர்" என்று ஒரே சொல்லில் அடைத்தால் கைடு சொன்னதுதான் மிஞ்சும்.

அப்போ உறுப்பினரா, பிரதிநிதியா? பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் அமைச்சரவையின் கூட்டக் குறிப்புகள் சி.ஏ.பி. 65 என்ற வரிசையில் இருக்கின்றன. இணையத்திலேயே பார்க்கலாம். 1942, 1943 கோப்புகளில் ஒன்றைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். மேலே ஒரு பட்டியல்: சர்ச்சில், அட்லி, ஈடன், பெவின் என்று அமைச்சரவைக்காரர்கள். அதற்குக் கீழே இன்னொரு பட்டியல்: கூட்டத்துக்கு வந்திருந்த மற்றவர்கள். முதலியாரைக் கீழ்ப்பட்டியலில் தேடுங்கள். பலரும் மேலே பார்த்துவிட்டு "பெயரே இல்லையே" என்று மூடிவிடுகிறார்கள், அல்லது பெயரைக் கண்டதுமே "அமைச்சர்" என்று எழுதிவிடுகிறார்கள். எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதுதான் விஷயம்.

நான் கடைசியில் எழுதிய வரி: "1942-43இல் லண்டன் போர் அமைச்சரவைக் கூட்டங்களில் இந்தியாவின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்." இதில் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறைக்கு வந்ததும் அதே 1942 ஜூலையில்தான். அவரைப் பற்றி எழுதுகிறவர்களும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

நான்காம் படி: ஊரும் பட்டமும் அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறதா?

முதலியார் பிறந்த கர்நூல் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. 1887இல் அது சென்னை மாகாணம். நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ராஜாஜி "கிருஷ்ணகிரி மாவட்டம் தொரப்பள்ளியில் பிறந்தார்" என்று எழுதுகிறோம். அவர் பிறந்த 1878இல் அது சேலம் மாவட்டம். தருமபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். "இன்றைய" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

பட்டமும் அப்படியே. முதலியாருக்கு சர் பட்டம் 1937இல் கிடைத்தது, அதற்கு முந்தைய நீதிக்கட்சி நாட்களுக்கு "சர்" போடக் கூடாது. 1920களின் கடைசியில் சென்னை மாநகராட்சிக்குத் தலைவராக இருந்தார். மேயர் என்ற பதவி வந்தது அதற்குப் பிறகு, முதல் மேயர் முத்தையா செட்டியார்.

ஐந்தாம் படி: வாய்வழிக் கதைகள்

ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி போனால் அன்று மைசூர் சமஸ்தானம். முதலியார் 1946 முதல் 1949 வரை அங்கே திவான், அதாவது சமஸ்தானத்தின் தலைமை அமைச்சர். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் "திவான்" என்று ஏதாவது சொன்னால் முதலில் ஆண்டைக் கேளுங்கள். 1941 வரை மிர்சா இஸ்மாயில், அப்புறம் மாதவ ராவ், அதற்குப் பிறகுதான் இவர். ஆண்டு தெரியாத கதையை நோட்டில் வையுங்கள், கட்டுரையில் வேண்டாம்.

ஐ.நா. பகுதி சுலபம். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சாசனத்தில் கையெழுத்திட்டார், 1946இல் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். ஐ.நா.வின் பதிவுகளே போதும்.

பிற்சேர்க்கை

"முதலியார் என்று தேடினால் எதுவும் வரவில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ஒய் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள், ராமசாமியின் கடைசி எழுத்தும் இரண்டு விதம். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஸ்கேன் செய்த கோப்பில் சொல்தேடலை நம்பவே வேண்டாம், தேதி பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பழைய தமிழ் இதழ்களுக்கு கூகுள் டிரைவின் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் வசதி) ஓரளவு உதவும், ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய "னை", "லை", "றா" வந்தால் தடுமாறும். அந்த வரிகளை மட்டும் கையால் தட்டச்சு செய்யுங்கள். செல்போனில் இந்த வேலை வேண்டாம், கீழ்ப்பட்டியல் கண்ணுக்கே தெரியாது.