மணிக்கட்டு தொங்கினால் அடி எங்கே? ரேடியல் நரம்பைச் சோதிக்கும் முறை

மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவரை இழுக்கச் சொன்னால் சுலபமாக உருவிவிடுவார். மணிக்கட்டை நிமிர்த்திக்கொண்டால் அதே பேனா அசையாது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளை இயக்குவது ரேடியல் நரம்பு. அது அடிபட்டவர் "கையில் பலமே இல்லை" என்று சொல்வது இதனால்தான். விரலை மடக்கும் தசைகள் நன்றாகவே இருக்கும். நிமிர்த்தும் தசைகள்தான் போயிருக்கும்.

படி 1: பாதையைத் தொட்டுப் பாருங்கள்

கழுத்தின் 5ஆம் நரம்பு வேர் முதல் மார்பின் 1ஆம் வேர் வரை சேர்ந்த நரம்புப் பின்னலில் பிறந்து, அக்குள் வழியாக மேற்கையின் பின்பக்கம் போகிறது இந்த நரம்பு. அங்கே ஹியூமரஸ் எலும்பை ஒட்டியபடி சுற்றி வருகிறது. முழங்கையின் வெளிப்புற எலும்பு முண்டிலிருந்து சுமார் 10 செ.மீ. மேலே விரலை வையுங்கள். அந்த இடத்தில்தான் நரம்பு பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வருகிறது. எலும்பின் நடுப்பகுதியோ அதற்குக் கீழேயோ முறிந்தால் நரம்பும் ஏன் மாட்டுகிறது என்பது இப்போது புரியும்.

படி 2: மேலிருந்து கீழாகச் சோதியுங்கள்

முதலில் முழங்கையை நீட்டச் சொல்லி எதிர்த்துத் தள்ளுங்கள், இது மேற்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ். அப்புறம் கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முன்கையின் வெளிப்பக்கம் பிரேக்கியோரேடியாலிஸ் என்ற தசை புடைக்க வேண்டும். அடுத்து மணிக்கட்டை நிமிர்த்தல்.

விரலில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். விரலின் நடு மூட்டும் நுனி மூட்டும் நீள்வதைப் பார்த்து 'நரம்பு சரி' என்று எழுதிவிடுவார்கள். அந்த மூட்டுகளை உள்ளங்கையின் சிறு தசைகளே நீட்டிவிடும், அவற்றுக்கு வேறு நரம்புகள். மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு விரல் தொடங்கும் மூட்டு நிமிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசியாக, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கைத் தோலைப் பஞ்சால் தொட்டு உணர்வு கேளுங்கள்.

படி 3: இடத்தைச் சொல்லுங்கள்

ட்ரைசெப்ஸும் போயிருந்தால் அடி அக்குள் அருகே. ஊன்றுகோலை அக்குளில் அழுத்தி நடப்பவர்களுக்கு வரும். ட்ரைசெப்ஸ் நன்றாக இருந்து மற்றதெல்லாம் போயிருந்தால் மேற்கையின் நடுப்பகுதி. அந்த நரம்பு கீழே போவதற்குள் ட்ரைசெப்ஸுக்கான கிளைகள் பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன. எலும்பு முறிவு, தவறான இடத்தில் போட்ட ஊசி, நாற்காலி முதுகின்மேல் கையைப் போட்டு மயங்கித் தூங்கியது எல்லாம் இந்த வகை. கடைசியதற்குப் பெயர் சாட்டர்டே நைட் பால்சி, அதாவது சனிக்கிழமை இரவு வாதம். நோயாளி எந்தக் கிழமையும் வருவார். விரல் மட்டும் நிமிராமல், மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் சாய்ந்தபடி நிமிர்ந்து, உணர்வும் சரியாக இருந்தால் முழங்கைக்குக் கீழே உள்ள ஆழக் கிளையில் கோளாறு.

படி 4: காத்திருக்கும்போது

தோல் கிழியாத முறிவில் பெரும்பாலோருக்கு நரம்பின் வேலை தானாகவே திரும்புகிறது. அதனால் வழக்கமாக மூன்று, நான்கு மாதம் பார்ப்பார்கள். கிழிந்த காயம் என்றால் அறுவை மருத்துவர் நரம்பைத் திறந்து பார்ப்பார். உள்ளிழை அறுபட்ட நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும், அதாவது 10 செ.மீ.க்கு நூறு நாள். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் காக்-அப் ஸ்பிளின்ட் போட்டு, விரல் மூட்டுகளைத் தினமும் மறு கையால் முழுவதும் நீட்டி மடக்க வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் பிரேக்கியோரேடியாலிஸைத் தொட்டுப் பாருங்கள். மேற்கை அடியில் முதலில் துடிக்கத் தொடங்குவது அதுதான். மணிக்கட்டு அப்புறம், கட்டைவிரல் கடைசியில்.