ரமலான் பிதே: நோன்பு திறக்கும் நேரத்திற்குச் சூடாக ஒரு துருக்கிய ரொட்டி

ரமலான் மாதத்து மாலைகளில், சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே, துருக்கியின் ரொட்டிக் கடைகளின் வாசலில் வரிசை நீளத் தொடங்கிவிடும். அங்கே மக்கள் காத்திருப்பது 'ரமசான் பிதேசி' என்று அவர்கள் அழைக்கும் வட்ட ரொட்டிக்காக. மேற்பரப்பில் விரலால் பதித்த கட்டங்களும், எள்ளும் கருஞ்சீரகமும் தூவிய பொன்னிறமும் அதன் அடையாளங்கள். ஒரு பிதே எத்தனை கிராம் இருக்க வேண்டும், என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதை ரொட்டிக் கடைக்காரர்களின் சங்கங்கள் நோன்பு தொடங்குவதற்கு முன்பே ஊருக்கு ஊர் அறிவிக்கும்; அது நாளிதழ்களில் செய்தியாகவும் வரும். படகு வடிவில், நடுவில் கொத்துக்கறியோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுடும் பிதேயும் துருக்கியில் உண்டு. அது வேறு உணவு; இங்கே சொல்லப்போவது நோன்புக் காலத்து வட்டப் பிதேயைப் பற்றி மட்டுமே.

அந்த வரிசை ஏன் காலையில் இல்லாமல் மாலையில், அதுவும் நோன்பு திறக்கும் வேளையை ஒட்டி நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த ரொட்டியின் இயல்பே புரிந்துவிடும். பிதே மெல்லியது, அதன் உட்புறம் பஞ்சுபோல் காற்று நிறைந்தது. ஆகவே, அடுப்பிலிருந்து எடுத்த முதல் அரை மணி நேரத்தில் இருக்கும் மென்மை, இரண்டு மூன்று மணி நேரத்தில் தோல்போல இழுபடத் தொடங்கிவிடுகிறது. எனவே முதன்முதலாகச் சுடுகிறவர்கள் அளவுகளைப் படிப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; மாலைப் பாங்கு ஒலிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்க வேண்டும்.

நேரக் கணக்கு

உங்கள் ஊரில் நோன்பு திறக்கும் நேரம் மாலை 6.30 என்று வைத்துக்கொள்வோம். 3 மணிக்கு மாவு பிசையத் தொடங்கி, 3.30-க்கு அதை மூடிவைத்தால், 4.40 அளவில் அது பொங்கி இரு மடங்காகியிருக்கும். உடனே இரண்டாகப் பிரித்து உருட்டி, 5 மணி வரை ஓய்வு கொடுத்துத் தட்டி விரிக்க வேண்டும். ஓவனையும் 5 மணிக்கே சூடேற்றத் தொடங்க வேண்டும். 5.40-க்கு முதல் பிதேயும் 5.55-க்கு இரண்டாவதும் உள்ளே போனால், 6.10-க்கு இரண்டும் வெளியே வந்து, உணவு விரிப்பை அடையும்போது கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்.

தேவையானவை

25 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு பிதேகளுக்கு 500 கிராம் மைதா, 200 மில்லி தண்ணீர், 130 மில்லி பால், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 10 கிராம் சர்க்கரை, 10 கிராம் உப்பு, 25 மில்லி ஆலிவ் எண்ணெய் ஆகியவை வேண்டும். ரொட்டிக்கென்றே விற்கப்படும், புரதம் கூடுதலான மாவு கிடைத்தால் அதையே வாங்குங்கள்; சாதாரண மைதா என்றால் தண்ணீரில் 20 மில்லியைத் தனியே எடுத்து வைத்து, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். சமையலறை 32 பாகைக்கு மேல் கொதிக்கும் ஊர்களில் ஈஸ்ட்டை 5 கிராமாகக் குறைத்து, பாலையும் தண்ணீரையும் சூடாக்காமல் அப்படியே பயன்படுத்தலாம்.

உப்பைக் கட்டாயம் தராசில் நிறுத்துப் போடுங்கள். நோன்போடு சமைக்கிறவர் மாவைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்க மாட்டார். பிழை இருந்தால் அது விருந்தினர் முன்னிலையில்தான் தெரியவரும்.

பிசைதல்

மாவு, ஈஸ்ட், சர்க்கரை ஆகிய மூன்றையும் கலந்து, பாலையும் தண்ணீரையும் ஊற்றி, உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்கு மட்டும் கலந்து, பத்து நிமிடம் மூடிவையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் மாவு தானாகவே நீரை உறிஞ்சிக்கொள்வதால், பிறகு பிசைவது பாதியாகக் குறையும். அதன்பின் உப்பையும் எண்ணெயையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். இது சப்பாத்தி மாவைவிடத் தெளிவாகவே தளர்ந்த மாவு. முதல் சில நிமிடங்கள் விரல்களில் ஒட்டத்தான் செய்யும். புதியவர்களில் பலர் அப்போது பயந்து கூடுதலாக மாவைத் தூவிவிடுகிறார்கள்; பிதே கட்டியாகிப் போவதற்கு முதற்காரணம் அதுதான். தூவாமல், கையில் ஒரு துளி எண்ணெய் தடவிக்கொண்டு தொடர்ந்து பிசைந்தால் மாவு பளபளப்பாகித் திரண்டு வரும். ஒரு சிறு உருண்டையை இரு கை விரல்களால் மெல்ல விரிக்கும்போது கிழியாமல் ஒளி ஊடுருவும் சவ்வாக விரிந்தால், பிசைந்தது போதும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஈரத்துணியால் மூடிவையுங்கள்.

பூச்சும் விரல் பதிப்பும்

மாவு பொங்கும் நேரத்தில் பூச்சைத் தயாரித்துவிடலாம். ஒரு மேசைக்கரண்டி மைதாவை 120 மில்லி குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிக் காய்ச்சுங்கள். சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் பசையைவிட நீர்த்த பதத்தில் இறக்கி, ஆறவிடுங்கள். ரொட்டிக்குப் பளபளப்பையும் நிறத்தையும் கொடுப்பதும், எள்ளை உதிராமல் பிடித்துவைப்பதும் இந்தப் பசைதான். வீடுகளில் ஒரு முட்டை மஞ்சட்கருவை இரண்டு மேசைக்கரண்டி தயிரோடு அடித்தும் பூசுவார்கள். ஆழ்ந்த நிறம் அதில்தான் வரும். துருக்கியில் முட்டை பூசிய பிதேயை விரும்புகிறவர்கள் தம் வீட்டு முட்டையைக் கையோடு கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுத்துப் பூசச் சொல்லும் வழக்கமும் உண்டு.

பொங்கிய மாவை இரண்டாகப் பிரித்து, ஓரங்களை உள்ளே மடித்து உருண்டையாக்கி, 20 நிமிடம் மூடிவையுங்கள். ஓய்வு பெறாத மாவு விரித்ததும் சுருங்கிவிடும். பிறகு, உருட்டுக்கட்டையைத் தொடாமல், உள்ளங்கையாலும் விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தி, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள வட்டமாக விரித்து, தனித்தனிப் பேக்கிங் தாளின்மேல் இட்டு மூடிவையுங்கள். முதல் வட்டம் சுமார் அரை மணி நேரம் ஓய்வெடுக்கட்டும்.

இனி வருவதுதான் பிதேக்கு முகம் கொடுக்கும் கட்டம். விரல்களைப் பசையில் நனைத்துக்கொண்டு, மேற்பரப்பு முழுவதும் பூசுங்கள். இரு உள்ளங்கைகளின் சுண்டுவிரல் பக்கத்தைப் பயன்படுத்தி, விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு வட்டக் கோட்டை அழுத்துங்கள்; விளிம்பு எழும்பி நிற்பது இதனால்தான். அந்த வட்டத்துக்குள், நான்கு விரல் நுனிகளையும் வரிசையாக ஊன்றி, இரண்டு விரற்கடை இடைவெளியில் இணைகோடுகளாக அழுத்திச் செல்லுங்கள். பின் குறுக்காக அதையே செய்தால் சாய்சதுரக் கட்டங்கள் அமையும். விரல் அடித்தட்டை உணரும் ஆழம் வரை அழுத்த வேண்டும், ஆனால் மாவு அறுபடக் கூடாது. கூச்சத்தோடு மேலோட்டமாகத் தொட்டால், அடுப்பின் சூட்டில் கோடுகள் மறைந்து, பிதே பூரிபோல் உப்பிவிடும். அழகுக்காக மட்டும் இந்தக் கட்டங்கள் இடப்படுவதில்லை. உள்ளே திரளும் காற்றை ஓரிடத்தில் சேரவிடாமல் சிறு அறைகளாகப் பிரித்துவைப்பதும் அவைதான். முடிவில் வெள்ளை எள்ளையும் கருஞ்சீரகத்தையும் தாராளமாகத் தூவுங்கள். கருஞ்சீரகத்துக்குப் பதிலாகச் சமையல் சீரகத்தைப் போட்டுவிட வேண்டாம். இரண்டின் மணமும் வேறு.

சுடுதல்

கடைகளின் கற்சூளைக்கு ஈடாக, ஒரு கனமான தட்டைக் கவிழ்த்து ஓவனுக்குள் வைத்து, 240 பாகை செல்சியசில் அரை மணி நேரமாவது காயவிடுங்கள். பிதேயைத் தாளோடு அதன்மேல் நகர்த்தி, கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் கொதிநீர் வைத்துக் கதவை மூடினால், நீராவி மேல்தோலை உடனே இறுகவிடாமல் காக்கும். 12 முதல் 15 நிமிடத்தில் மேற்பரப்பு பொன்னிறமாகும். வெப்பத்தைக் குறைத்து நீண்ட நேரம் சுடுவது பாதுகாப்பானதாகத் தோன்றலாம். ஆனால் அதனால் ரொட்டி உலர்ந்து ரஸ்க் போலாகிவிடும். முதல் பிதே வேகும்போதே இரண்டாவதற்குப் பசை பூசி விரல் பதித்துவிடுங்கள்.

எடுத்ததும் கம்பி வலைமேல் ஐந்து நிமிடம் வைத்து, பின் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றுங்கள். கத்தியால் வெட்டாமல், விரல் பதித்த கோட்டைப் பிடித்துப் பிய்த்துப் பகிர வேண்டும். துருக்கியர் பேரீச்சம்பழத்தாலோ ஆலிவ் காயாலோ நோன்பு திறந்து, மைசூர்ப் பருப்பு சூப்போடு இதைத் தொட்டு உண்பார்கள். எஞ்சியதை ஆறியபின் காற்றுப் புகாத பையில் வைத்து, விடியலுக்கு முன் உண்ணும் சஹர் நேரத்தில் இரு பக்கமும் நீர் தெளித்துச் சூடான தோசைக்கல்லில் ஒரு நிமிடம் மூடிபோட்டு எடுத்தால், மீண்டும் மென்மையாகும்.