டைவ் வாட்ச் வாங்கும் முன் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஓர் அட்டை வெட்டுங்கள்

மூன்று மாதம், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எனக்கு ஒரே வேலை: எந்த டைவ் வாட்ச், அதாவது கடலுக்கடியில் முக்குளிப்பவர்களுக்கான வாட்ச், வாங்குவது என்று பார்ப்பது. சீகோ ப்ராஸ்பெக்ஸ் 'டர்ட்டில்', ஓரியன்ட் கமாசு, சிட்டிசன் ப்ரோமாஸ்டர் என்.ஒய்.0040. மூன்றும் ஜப்பான், மூன்றும் ஆட்டோமேட்டிக், மூன்றும் 200 மீட்டர் தண்ணீர் தாங்கும், மூன்றிலும் டயலைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் திரும்பும் வளையம். விவரப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது என்றே தெரியாது. கடைசியில் பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒரு அட்டைத் துண்டையும் என் பைக்கின் ஹேண்டில்பாரையும் வைத்துத்தான் முடிவு செய்தேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடுத்தர விலை என்று நான் சொல்வது ஏறக்குறைய 20,000 முதல் 50,000 ரூபாய் வரை. ஆட்டோமேட்டிக் என்றால் பேட்டரி கிடையாது, கை அசைய அசையத் தானாகச் சாவி ஏறும். இது போதும், நேராக வேலைக்குப் போய்விடலாம்.

படி 1: எவ்வளவு ஆழம் தேவை?

சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி, அதாவது 36.6 மீட்டர். 200 மீட்டர் என்பது 656 அடி. மேட்டூரை ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கினாலும் 600 அடிதான் வரும். பொழுதுபோக்காக ஸ்கூபா செய்பவர்களுக்கு உச்ச எல்லையே 40 மீட்டர். புதிதாகக் கற்றுச் சான்றிதழ் வாங்குபவர்களுக்கு 18 மீட்டர். ஆகவே '300 மீட்டர் இருக்கிறது, அதனால் இது உசத்தி' என்று யாராவது சொன்னால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது இன்னொன்று. டயலிலோ பின் மூடியிலோ 'டைவர்ஸ்' என்ற சொல் இருக்கிறதா? டைவ் வாட்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 என்ற உலகத் தரத்துக்கு உட்பட்ட வாட்ச்தான் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளும். டர்ட்டிலிலும் என்.ஒய்.0040-யிலும் அது உண்டு. கமாசுவில் 'வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்' என்று மட்டும்தான் இருக்கும். கிளியூர் அருவியில் நனையவும் நீச்சல் குளத்தில் இறங்கவும் கமாசு தாராளமாகப் போதும். நிஜமாகவே கடலுக்கடியில் போகப் போகிறீர்கள் என்றால் அந்தச் சொல் உள்ளதை எடுங்கள்.

2019-இல் வந்த சீகோ 5 ஸ்போர்ட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வருடத்தோடு நின்றுபோன பழைய எஸ்.கே.எக்ஸ்.007-இன் அதே முகம் அதற்கு. ஆனால் 100 மீட்டர்தான், சாவியும் (பக்கத்தில் இருக்கும் திருகுக் குமிழ்) திருகி மூடும் மரை போட்டது அல்ல. அழகான வாட்ச், தினமும் கட்டலாம். டைவ் வாட்ச் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

படி 2: அட்டை வெட்டுதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எல்லோரும் டயலின் விட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். என் மணிக்கட்டின் சுற்றளவு 16.5 செ.மீ. '42 மி.மீ. உங்களுக்குச் சரியாக இருக்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி முதலில் ஒரு வாட்ச் வாங்கினேன். கையில் போட்டதும் தட்டை எடுத்துக் கிண்ணத்தின் மேல் வைத்த மாதிரி இருந்தது. ஸ்ட்ராப் கையைத் தொடாமல் செங்குத்தாகக் கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் சுண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி. இரண்டு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன்.

காரணம் விட்டம் அல்ல. கேஸிலிருந்து, அதாவது வாட்சின் உடலிலிருந்து, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்ட்ராப் மாட்டும் இடம். லக் என்பார்கள். மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனி வரை உள்ள நீளம்தான் கையில் உட்காருவதைத் தீர்மானிக்கிறது. நான் விற்ற வாட்சின் விட்டம் 42, கொம்பு நீளம் 51. டர்ட்டிலின் விட்டம் 44-க்கும் மேல். கேட்டவுடனே 'ஐயோ பெரிசு' என்று தோன்றும். ஆனால் அதன் கொம்புகள் குட்டை, நீளம் ஏறக்குறைய 48 மட்டுமே. பெரிய வாட்ச் என் கையில் அடங்கி உட்கார்ந்தது, சின்ன வாட்ச் துருத்திக்கொண்டிருந்தது. கமாசு 41.8 விட்டம், கொம்பு நீளம் 47-க்குள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை எடுங்கள். ஸ்கேல் வைத்து 46, 48, 50 மி.மீ. நீளத்தில் மூன்று துண்டுகள் வெட்டுங்கள். அகலம் உங்கள் இஷ்டம். மணிக்கட்டின் மேல்புறம், வாட்ச் உட்காரும் அதே இடத்தில், கைக்குக் குறுக்காக ஒவ்வொன்றாக வையுங்கள். மேல்புறம் தட்டையாகப் போய், ஓரத்தில் வளைந்து இறங்கும். அட்டையின் இரு நுனியும் அந்த வளைவுக்கு முன்பே முடிய வேண்டும், இரு பக்கமும் 2 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். எனக்குத் தட்டையான பகுதி 52 மி.மீ. ஆகவே 48-தான் என் எல்லை. ஒரே சுற்றளவுள்ள இரண்டு பேருக்கு இந்தத் தட்டைப் பகுதி வேறு வேறாக இருக்கும். என் தம்பிக்கும் சுற்றளவு 16.5 செ.மீ.தான். அவனுடைய கை உருண்டை, 46 துண்டே ஓரத்தைத் தொட்டது.

சாயந்திரம் அளந்து பாருங்கள். சேலத்து வெயிலில் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தால் கை கொஞ்சம் ஊதித்தான் இருக்கும், கடையில் ஏ.சி.யில் சரியாக இருந்த செயின் வெளியே வந்ததும் இறுக்கும். அப்புறம், கையில் கட்டிய வாட்சை மொபைலில் கிட்டே வைத்துப் படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிட்டத்தில் எடுத்த படம் எதையும் பெரிதாகக் காட்டும். ஆளுயரக் கண்ணாடியில் தள்ளி நின்று பாருங்கள்.

படி 3: சாவி எந்தப் பக்கம்?

கமாசுவுக்குச் சாவி 3 மணியில், டர்ட்டிலுக்கு 4 மணியில், என்.ஒய்.0040-க்கு இடது புறம் 8 மணியில். பட்டியலில் இது ஒரு வரி. பைக்கில் ஏற்காடு போகிறவனுக்கு இது பெரிய விஷயம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இடது கை மடங்கி கிளட்ச் பிடிக்கிறது. 3 மணியில் இருக்கும் சாவி ஒவ்வொரு தடவையும் புறங்கையில் குத்தும். கடையில் வாட்சைக் கட்டிக்கொண்டு, கையை முட்டி மடக்கி, ஹேண்டிலைப் பிடிப்பது போலப் பின்னால் வளைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார். நான் அப்படிப் பத்து நிமிடம் நின்றேன். டர்ட்டில் முடிவானது அங்கேதான்.

மேசை வேலை செய்பவர்களும் இதையே செய்யலாம், கையை ஊன்றி எழும்போது குத்துகிறதா என்று பாருங்கள்.

படி 4: கண்ணாடி

கமாசுவில் சஃபையர். சாதா டர்ட்டிலில் ஹார்ட்லெக்ஸ், அது சீகோ கடினப்படுத்திய மினரல் கண்ணாடி. கீறலுக்கு சஃபையர்தான் ராஜா, கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 9. நம் சேர்வராயன் மலைப் பாறை சார்னோக்கைட். அதில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது, அதன் கடினம் 7. பாறையில் கையை உரசினால் மினரல் கண்ணாடியில் கோடு விழும், சஃபையரில் விழாது. தோட்ட வேலை, பட்டறை வேலை, கட்டட வேலை செய்பவர்கள் நான் டர்ட்டில் எடுத்தேன் என்பதற்காகத் தயங்க வேண்டாம், சஃபையருக்கே போங்கள். ஆனால் சஃபையர் ஓங்கி இடித்தால் உடையும், அதையும் நினைவில் வையுங்கள்.

கேஸ் ஸ்டீல் மூன்றிலும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் பற்றி உருக்காலை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சமையலறைப் பாத்திரத்துக்கு 304 என்றால் நல்ல வாட்சுக்கு 316எல். அதில் சேரும் மாலிப்டினம்தான் வியர்வை உப்பையும் கடல் உப்பையும் தாங்குகிறது.

படி 5: உள்ளே ஓடும் இயந்திரம்

இங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். டர்ட்டிலில் 4ஆர்36, கமாசுவில் எஃப்6922. இரண்டுக்கும் கையாலும் சாவி கொடுக்கலாம், சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும், முழுச் சாவியில் நாற்பது மணி நேரத்தைத் தாண்டி ஓடும். வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு மதியம் 1 மணி வாக்கில் நின்றுவிடும். திங்கள் காலை வரை ஓட வேண்டும் என்றால் 70 மணி நேரம் ஓடும் சீகோ 6ஆர்35 இயந்திரத்துக்கோ 80 மணி நேரம் ஓடும் பவர்மேட்டிக் இயந்திரத்துக்கோ போக வேண்டும், அதற்கு விலையும் ஏறும். திங்கள் காலையில் இருபது சுற்று சாவி கொடுத்து நேரம் வைப்பது எனக்குப் பிடித்த வேலை, ஆகவே நான் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை.

நேரம் தப்புவதைப் பற்றிப் பயப்படாதீர்கள். 4ஆர்36-க்கு நாளொன்றுக்கு 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம் என்று சீகோவே சொல்கிறது. எஃப்6922-க்கு ஓரியன்ட் சொல்வது 25 முந்தல், 15 பிந்தல். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் கட்டிப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். என்னுடையது நாளுக்கு 10 விநாடி முந்துகிறது, மாதத்துக்கு 5 நிமிடம். மாதம் ஒருமுறை சரி செய்துகொள்கிறேன்.

தேதியை மட்டும் இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணிக்குள் திருப்பாதீர்கள். அப்போது உள்ளே தேதிப் பல் சக்கரம் தானாக மாறிக்கொண்டிருக்கும், நாமும் திருகினால் பல் உடையும். முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதி வைப்பது பத்திரம்.

படி 6: மரை சாவியை மூடப் பழகுதல்

வாங்கியாகிவிட்டது. முதல் நாளே இதைப் பழகுங்கள். என் பழைய வாட்ச் ஒன்றில் காலையில் தேதி வைத்துவிட்டு, சாவியை அழுத்தினேனே தவிர மரையைத் திருகவில்லை. அப்படியே வண்டியைக் கழுவினேன், அப்படியே வெயிலில் மலையேறினேன். மேலே மழை. பதினெட்டாவது வளைவு தாண்டும்போது 6 மணி எண்ணுக்கு மேலே கண்ணாடியின் உட்புறம் பால் தெளித்த மாதிரி ஒரு வெள்ளை. ஏரி வருவதற்குள் பாதி டயல் மறைந்துவிட்டது. கீழே சூடான வாட்சுக்குள் போன ஈரம், மேலே குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. சோதனையிலும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர் வைத்து, உள்ளே பனி படிகிறதா என்று பார்க்கிறார்கள்.

சாவியை மூடும் முறை: முதலில் லேசாக அழுத்திக்கொண்டு எதிர்ப்பக்கம், அதாவது திறக்கும் பக்கமாகவே, மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று மரை ஒன்றுக்குள் ஒன்று விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு மூடும் பக்கம் சுற்றுங்கள். தானாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இறுக்கமாக இருந்தால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். பலம் போட்டால் மரை தேய்ந்துவிடும். முடிவில் மெதுவாக நின்றால் போதும், முறுக்க வேண்டாம்.

கருவிகளில் நான் சிபாரிசு செய்வது ஒன்றே ஒன்று: ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் பின்னைக் கழற்ற நல்ல ஸ்பிரிங் பின் கருவி, முனை மெல்லியதாக. பதினாறு சாமான் அடங்கிய டப்பா செட் வாங்காதீர்கள், அதன் முனைகள் முதல் வாரமே வளைந்துவிடும். செயினைக் கழற்றும் முன் கொம்புகளின் உட்புறம் செலோடேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வெயில் காலத்துக்கு நைலான் அல்லது ரப்பர் ஸ்ட்ராப்தான் என் தேர்வு. டர்ட்டிலுக்கும் கமாசுவுக்கும் 22 மி.மீ. அகலம், என்.ஒய்.0040-க்கு 20. வாட்சைச் சுற்றிக்கொண்டே இருக்கும் வைண்டர் பெட்டி தேவையே இல்லை.

பின்சேர்க்கை: ஆத்தூரிலிருந்து ஒரு தங்கை எழுதினார். '46 அட்டையே எனக்கு வெளியே நிற்கிறது அண்ணா, கை 14 செ.மீ.தான்.' அவர் இந்த மூன்றையும் விட்டுவிடலாம். கொம்பு நீளம் 44-க்குள் இருக்கும் வாட்சை, விட்டம் 38-க்குக் கீழே, தேடும்படி சொன்னேன்.

இன்னொரு பின்சேர்க்கை: ஒரு வாசகரின் புது வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்திருக்கிறது. அவருடைய மொபைல் கவரில் காந்தம் இருந்தது, ராத்திரி இரண்டையும் ஒன்றாக வைத்துத் தூங்கியிருக்கிறார். நேரத்தை ஒழுங்காக ஓட வைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிச் சுருள்கள் ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் ஓடும். பள்ளிப் பிள்ளைகளின் சின்னத் திசைகாட்டியை வாட்சின் கிட்டே கொண்டுபோங்கள், ஊசி ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனால் ஒரு நிமிட வேலை. அவர் பின் மூடியைத் திறக்கவே தேவையில்லை. திறக்கத்தான் வேண்டும் என்று சொன்னால், மூடிய பிறகு நீர் அழுத்தச் சோதனை செய்யும் இயந்திரம் அவரிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் வாட்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.