பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொது சுகாதாரமும் சமூகக் கொள்கையும் படிக்க: முதுகலையில் ஆரம்பித்துப் பின்னோக்கி ஒரு திட்டம்

அக்கா மகளுக்காக உட்கார்ந்து போட்ட திட்டம் இது. பயாலஜி குரூப் படித்தவள். நீட் எழுத விருப்பமில்லை. “ஜனங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஏதாவது செய்யற வேலை இருக்கா சித்தி?” என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் வழி நேராக இல்லை. அவளுடைய தோழிகளும் அதே தாளைக் கேட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, சான்றிதழ் வாங்குவதெல்லாம் இதில் வராது.

ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். ‘பொது சுகாதாரமும் சமூகக் கொள்கையும்’ என்ற பெயரிலேயே ஒரு பி.ஏ.வைத் தேடிக்கொண்டிருந்தால் அட்மிஷன் சீசன் முடிந்துவிடும். நம் நாட்டில் இந்தத் துறையின் கனமான படிப்புகள் பெரும்பாலும் முதுகலையில்தான் இருக்கின்றன. அதனால் இளங்கலையைப் பின்னாலிருந்து திட்டமிட வேண்டும்.

படி 1: ருசி பார்ப்பது

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுக்கான சுருக்கத் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். கிட்டத்தட்ட எல்லாப் பெண்களையும் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்ட ஒரு மாநிலத்தில், பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை ஏன்? ரேஷனா, சம்பளமா, வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் வழக்கமா, இரும்புச்சத்து மாத்திரை கைக்கு வந்தும் விழுங்காததா?

இந்தக் கேள்வி உங்களை இரண்டு நாள் அரித்தால் இந்தத் துறை உங்களுக்குச் சரிப்படும். ‘மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்’ என்று தோன்றினால் நர்சிங், பார்மசி பக்கம் போங்கள். அதுவும் நல்ல வழிதான்.

படி 2: முதுகலைத் தகுதியைப் படிப்பது

எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கைந்து நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-லேயே எம்.பி.ஹெச். (பொது சுகாதார முதுகலை) தொடங்கிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், மும்பை டாடா சமூக அறிவியல் கழகம், மும்பையிலேயே மக்கள்தொகை ஆய்வுக்கென்று இருக்கும் ஐ.ஐ.பி.எஸ்., புதுச்சேரி ஜிப்மர், சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். ஒவ்வொன்றின் புராஸ்பெக்டஸையும் இறக்கி, ‘தகுதி’ என்ற பத்தியை மட்டும் படியுங்கள். ஒரு ஷீட்டில் ஆறு கட்டங்கள் போதும்: நிறுவனம், படிப்பு, எந்தப் பட்டம், கட்டாயப் பாடம், குறைந்தபட்ச மதிப்பெண், நுழைவுத் தேர்வு.

நிரப்பிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். சில எம்.பி.ஹெச். படிப்புகள் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், செவிலியம் போன்ற பட்டங்களைக் கேட்கும். சில எந்தப் பட்டமானாலும் சேர்த்துக்கொள்ளும். சில வேலை அனுபவமும் கேட்கும். உயிரிப் புள்ளியியல், மக்கள்தொகையியல் பக்கம் போனால் கணிதமோ புள்ளியியலோ படித்திருக்க வேண்டும் என்று இருக்கும்.

வம்பு அந்த ‘படித்திருக்க வேண்டும்’ என்பதில்தான். மெயின் பாடமாகவா, அலைடாகவா (துணைப்பாடம்), ஒரு செமஸ்டருக்கு ஒரு பேப்பர் போதுமா? பி.ஏ. சோஷியாலஜியில் ‘சமூகப் புள்ளியியல்’ என்று ஒரே ஒரு பேப்பர் வந்திருந்தால் ஏற்பார்களா? ஊரில் யாரைக் கேட்டாலும் “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்பார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ள முடியாது. அந்தத் துறைக்கே மெயில் போடுங்கள், மூன்று வரி போதும்: “நான் இன்ன பட்டப்படிப்பில் சேர இருக்கிறேன். அதில் புள்ளியியல் இன்ன செமஸ்டரில், இத்தனை கிரெடிட்டுக்கு வருகிறது. உங்கள் இன்ன படிப்பின் தகுதிக்கு இது போதுமா?” பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள சிலபஸை இணைத்து அனுப்புங்கள். போனில் கேட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். எழுத்தில் வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

படி 3: மெயின் பாடம்

என் கணக்கில் வரிசை இப்படி: புள்ளியியல், பொருளாதாரம், சமூகப் பணி, சமூகவியல். பலருக்கு இது பிடிக்காது. ஆனால் புள்ளியியல் தெரிந்தவர் சமூகவியலைத் தானே படித்துத் தேறிவிடுவார். மறுபக்கம் அவ்வளவு சுலபமில்லை. பிளஸ் டூவில் கணிதம் இல்லாவிட்டால் பி.எஸ்.சி. புள்ளியியல் கிடைப்பது கஷ்டம். அக்கா மகளுக்கு அதுதான் நிலை. அவள் பி.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி இளங்கலை) எடுத்தாள். அதில் வாராவாரம் களப்பணி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அங்கன்வாடியையும் உள்ளிருந்து பார்க்கலாம். புள்ளியியலுக்குத் தனியாக, மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் ஒரு கோர்ஸ் போட்டிருக்கிறாள். கிரெடிட்டில் சேர்ப்பார்களா என்று கல்லூரியில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: விண்ணப்பம்

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு; அதில் எந்தப் பாடங்களை எழுதுகிறீர்கள் என்பதைச் சேர நினைக்கும் படிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இருந்த ஐந்தாண்டு எம்.ஏ. இப்போது இல்லை, பழைய யூடியூப் வீடியோவை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

படி 5: மூன்று வருடத்தில் கைப்பழக்கம்

முதல் வருடம் எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் போதும். இரண்டாம் வருடம் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள். அதே வேலைக்குக் காசு கொடுத்து வாங்கும் எஸ்.பி.எஸ்.எஸ். கற்றுக்கொடுக்கும் கல்லூரிகள் நிறைய, ஆனால் படிப்பு முடிந்ததும் லைசென்ஸுக்கு எங்கே போவது? ‘ஆர்’ இலவசம், வேலையிலும் கேட்கிறார்கள். கள ஆய்வில் தகவல் சேகரிக்கக் கோபோ (KoboToolbox) என்ற ஆப். போனிலேயே கேள்வித்தாள் ஓடும், சிக்னல் இல்லாத ஊரிலும் பதிவாகும். வட்ட விளக்கப்படம் போடும் இணைய ஆப்களில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

கொள்கைப் பக்கத்துக்கு ஒரே பயிற்சி: அரசாணை படிப்பது. கையில் இருக்கிற திட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கே வரும். 2022-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும். அப்புறம் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் வந்தது. யாரை முதலில் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், கோடு எங்கே நகர்ந்தது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். சமூகக் கொள்கை வகுப்பில் செய்யச் சொல்வதும் இதைத்தான்.

சேர்க்கை 1: பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டது, “புதுப்பெயர்ப் பட்டம் வாங்கினால் டி.என்.பி.எஸ்.சி. ஏற்குமா?” முக்கியமான கேள்வி. ‘ஏதாவது ஒரு பட்டம்’ கேட்கும் குரூப் தேர்வுகளுக்குப் பட்டத்தின் பெயர் தடையில்லை. ‘சமூகப் பணியில் பட்டம்’ என்று குறிப்பிட்டுக் கேட்கும் பதவிக்கு, வேறு பெயரில் பட்டம் இருந்தால் இணைத்தன்மை அரசாணை (இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் அரசாணை) காட்ட வேண்டிவரும். சேரும் முன்பே கல்லூரியில் அந்த அரசாணையின் எண்ணைக் கேளுங்கள். “வந்துடும்மா” என்றால் வரவில்லை என்று அர்த்தம்.

சேர்க்கை 2: தமிழ்வழியில் சேரலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்றால் மாநில அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, தமிழ்வழியைக் கைவிடும் முன் யோசியுங்கள். நடுவில் ஆங்கிலவழிக்கு மாறினால், பட்டம் கேட்கும் பதவிகளுக்கு அது போய்விடும். ஆனால் முதுகலைப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதற்குத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

சேர்க்கை 3: சுகாதார ஆய்வாளர் வேலைக்கு இந்தப் பட்டம் செல்லாது. அதற்கு பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும், மேலே இரண்டாண்டு சுகாதார ஆய்வாளர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். மாவட்ட சுகாதார அலுவலர் பதவி மருத்துவர்களுக்கு. இந்தப் பட்டத்தோடு முதுகலையும் முடித்தவர்கள் போவது திட்ட ஒருங்கிணைப்பு, கண்காணிப்பு, ஆய்வு, தொண்டு நிறுவனம் பக்கம். அரசுத் திட்டங்களிலும் இந்த வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான் வரும். வீட்டில் பேசும்போது இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.